ஏற்காட்டில் மிஞ்சியதை வைத்து ஒரு கிறிஸ்துமஸ்

மலேசியாவில் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கு டிசம்பர் என்றால் புழுக்கமும் மழையும்தான். கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்தால், அதே டிசம்பரில் காலை பத்து மணிக்கும் மூடுபனி விலகாமல் நிற்கிறது. கணவருக்கு நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை. வெளிநாட்டவர் பதிவு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு என்று புது நாட்டுக்கு வந்தவர்கள் படும் அலைச்சல் எல்லாம் எனக்கும் உண்டு. அது தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன். இந்த ஊர் எனக்குப் பழகியது கிறிஸ்துமஸ் அலங்காரம் வழியாகத்தான். அதைச் சொல்கிறேன்.

அம்மா அலங்காரச் சாமான் எதையும் கடையில் வாங்கமாட்டார். சீனப் பெருநாளுக்குக் கிடைத்த சிவப்பு அங்பாவ் உறை (சீனர்கள் பணம் வைத்துத் தரும் உறை), தீபாவளிக்கு வந்த பண உறை எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, டிசம்பரில் மடித்துக் கோத்து விளக்குக் கூண்டு செய்வார். இங்கே அங்பாவ் உறைக்கு எங்கே போவது? ஏற்காட்டின் ஒண்டிக்கடை என்ற இடத்தில் பிளாஸ்டிக் ஸ்டார் கிடைத்தது, ஆனால் மனம் ஒப்பவில்லை. சரி, இந்த ஊரில் எது மிஞ்சுகிறது, எதைத் தூக்கிப் போடுகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். ஓர் ஊரின் பிழைப்பு என்ன என்பதைக் குப்பையைப் போல வேறெதுவும் சொல்லாது என்பது என் எண்ணம்.

முதலில் கண்ணில் பட்டது கோன். கணவரின் சித்தப்பா இளம்பிள்ளையில் விசைத்தறி வைத்திருக்கிறார். நூல் தீர்ந்த காகிதக் கோன்கள் தறிக்கொட்டகை மூலையில் சாக்குச் சாக்காகக் கிடந்தன. "எடுத்துக்கம்மா, எடைக்குத்தான் போடப் போறோம்" என்றார். கூடவே பச்சை வேஸ்ட் நூலும் மிஞ்சிய ஜரிகையும் தந்தார்.

கோனின் அகலமான பக்கத்தைக் கீழே வைத்தால் பாதி மரம் தயார். பசை தடவிக்கொண்டே அடியிலிருந்து உச்சிவரை பச்சை நூலை நெருக்கிச் சுற்ற வேண்டும், காகிதம் தெரியக்கூடாது. ஜரிகையை மட்டும் சாய்வாக, இடைவெளி விட்டுச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் பச்சை மறைந்து வெறும் தங்கக் கூம்பாகிவிடும். உச்சி நட்சத்திரத்துக்குச் சிப்ஸ் பாக்கெட். அதன் உள்பக்கம் வெள்ளியாக மின்னும். எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புத் தண்ணீரில் கழுவி, அட்டையில் ஒட்டி வெட்டினால் போதும்.

பசைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மலைக்குக் கீழே இருக்கும் சேலம் மரவள்ளிக்கும் அதிலிருந்து செய்யும் ஜவ்வரிசிக்கும் பேர் போன ஊர். 1981-ல் தொடங்கிய, ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் அங்கேதான். மரவள்ளி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சின்னத் தீயில் கிளற வேண்டும். பால் போல இருப்பது சட்டென்று கெட்டியாகிப் பளபளப்பாகும். அந்த நேரத்தில் இறக்கிவிட வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர், நான் பசை காய்ச்சுவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "இந்த ஈரத்துக்கு வெறும் பசை பூசணம் பூத்துடும் கண்ணு. பைண்டிங் பண்றவங்க மயில்துத்தம் போடுவாங்க. அது விஷம், பிள்ளைங்க புழங்குற வீட்டுக்கு வேண்டாம். துளி படிகாரம் பொடி பண்ணிப் போடு" என்றார். அன்றிலிருந்து அவர்தான் எனக்கு இந்த ஊரில் நெருக்கம்.

கதவு வளையத்துக்கு யோசனையும் அவருடையதுதான். பிய்ந்துபோன மூங்கில் கூடையின் வாய் வளையத்தை அறுத்துக் கொடுத்தார். அதில் சில்வர் ஓக் இலைகளைக் கட்டினோம். காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குப் பற்றாகவும் நிற்கும் மரம். அதன் இலை மேலே கரும்பச்சை, புரட்டினால் வெள்ளி. பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அமுக்கிக் காயவிட்டால் சுருளாது. ஒன்றுவிட்டு ஒன்று புரட்டிக் கட்டினால் சாயமே தேவையில்லை. சிவப்புக்குக் காப்பிப் பழத்தையே செருகலாமே என்று தோன்றும். ஆனால் அது சீக்கிரமே சுருங்கிக் கறுத்துவிடும். அதைவிடப் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துப் போட்ட முடிச்சுகளே நல்லது.

என் அம்மாவின் கைப்பழக்கத்தில் ஒன்றை மட்டும் மாற்றாமல் செய்கிறேன். கெட்டிப்பால் டின்னில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, இரவெல்லாம் பிரீசரில் வைத்து உறையவிட வேண்டும். உள்ளே பனிக்கட்டி தாங்குவதால் ஆணியை அடித்துத் துளை போடும்போது டின் நசுங்காது. பனி உருகியதும் துடைத்துவிட்டு உள்ளே மெழுகுவத்தி. இதைத் திண்ணையில்தான் வைப்பேன், கோன் மரங்கள் பக்கம் கொண்டுபோகமாட்டேன்.

குடிலுக்குக் கோணிச்சாக்கைச் செம்மண் கலந்த பசையில் முக்கி, அட்டைப்பெட்டிகள் மேல் போர்த்திக் காயவிட்டால் பாறை. முன்னால் கேழ்வரகு முளைப்பாரி. மலைக் குளிரில் மெதுவாகத்தான் முளைக்கும் என்பதால் சேலத்தில் இருப்பவர்களைவிட முந்திக்கொண்டு விதைக்க வேண்டும்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரிப்போம். சாக்கை ஊறவைத்துத் துவைத்தால் கால்மிதிக்கு ஆகும். கோன் மரங்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இப்போதே தங்களுக்குள் பங்கு போட்டுவிட்டார்கள்.