வண்டி அச்சில் கட்டப்பட்டவர்

ஏப்ரல் 12, பண்டைய ஜெர்மானிய மக்களான கோத் இனத்தைச் சேர்ந்த, கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர்நீத்த மறைசாட்சியான புனித சாபாஸ் உயிர்துறந்த நாள். ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றுக்கு வடக்கே கோத் தலைவர்கள் சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணச்சொல்லிக் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், அவரைக் காப்பாற்ற எண்ணிய ஊர்க்காரர்களே சிலைகளுக்குப் படைக்காத இறைச்சியைப் படைத்ததென்று சொல்லி உண்ணவைக்கப் பார்த்தபோது, அந்தப் பொய்க்கும் அவர் உடன்படவில்லை. பின்னொரு முறை ஒரு தலைவன் விசாரித்ததில், உடுத்தியிருந்த துணியைத் தவிர அவருக்கு வேறு உடைமையே இல்லை என்று தெரியவந்தது.

372ஆம் ஆண்டு, உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) முடிந்த மூன்றாம் இரவில், அதாரித் என்ற கோத் தலைவனின் ஆட்கள் அவரைப் படுக்கையிலிருந்து ஆடையின்றி இழுத்து, முட்புதர்களினூடே அடித்து ஓட்டி, வண்டி அச்சுகளில் கைகால்களைக் கட்டிப்போட்டார்கள். வீட்டாருக்குச் சமைக்க இருட்டிலேயே எழுந்த ஒரு பெண் அவரது கட்டை அவிழ்த்துவிட்டாள். அவரோ தப்பியோடாமல், அவளுடைய சமையல் வேலைக்கு உதவிக்கொண்டு அங்கேயே இருந்தார். எத்தனை முறை வாசித்தாலும் இந்த இடத்தில் என் மனம் நின்றுவிடுகிறது.

இன்றைய ருமேனியாவிலுள்ள மூசேயுஸ் ஆற்றில், கழுத்தின்மேல் மரக்கட்டையை வைத்து அமிழ்த்தி அவரைக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 38. உரோமைப் படைத்தளபதி யூனியுஸ் சொரானுஸ் அவரது உடலை மீட்டுத் தம் சொந்த நாடான கப்பதோக்கியாவுக்கு (இன்றைய துருக்கியில் உள்ளது) அனுப்பிவைத்தார்.