கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பலகை

நான் பாடம் நடத்தும் எல்.கே.ஜி. வகுப்பில், விரலால் தொட்டு எழுதக்கூடிய பெரிய திரையான ஸ்மார்ட் போர்டு மாட்டப்பட்ட நாளில், அதன் கீழ் விளிம்பு என் இடுப்புக்கு மேலே இருந்தது. கரும்பலகையை எந்த உயரத்தில் மாட்டுவது வழக்கமோ அதே உயரத்தில் மாட்டிவிட்டுச் சென்றிருந்தார்கள். நான்கு வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்பதை மாட்டியவர்களும் யோசிக்கவில்லை, அருகில் நின்றிருந்த நானும் யோசிக்கவில்லை. அதனால் முதல் மூன்று மாதங்கள் அந்தப் பலகையை நான் மட்டுமே தொட்டேன்; குழந்தைகள் பாயில் அமர்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். அதற்கு ஒரு பெரிய தொலைக்காட்சியே போதும்.

முக்காலி போட்டுப் பார்த்தோம். ஒரு குழந்தை படத்தை இழுத்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்து கால் தவறியதும் அதைக் கைவிட்டோம். அடி ஏதும் படவில்லை என்றாலும் அன்று மாலையே பலகையைக் கீழே இறக்கித் தரும்படி தலைமையாசிரியரிடம் கேட்டேன். 65 அங்குலத் திரையின் உயரம் சுமார் 80 சென்டிமீட்டர். கீழ் விளிம்பு தரையிலிருந்து 40 சென்டிமீட்டரில் இருந்தால், ஒரு மீட்டர் உயரமுள்ள குழந்தை கையைத் தூக்கினால் ஏறக்குறைய முழுத் திரையும் எட்டிவிடும். இப்போது நான்தான் மண்டியிட்டு எழுதுகிறேன். குழந்தைகளின் முகத்துக்கு நேராக என் முகம் இருப்பதால், அவர்கள் முணுமுணுப்பதும் என் காதில் விழுகிறது.

உயரம் சரியான பின்புதான் அடுத்த சிக்கல் தெரிய வந்தது. எங்கள் பலகையின் சட்டத்தில் வரிசையாக உள்ள நுண்விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களைத் திரையின் குறுக்கே செலுத்துகின்றன. அவற்றை எது மறித்தாலும் பலகை அதைத் தொடுகை என்றே எடுத்துக்கொள்ளும். சிலேட்டில் எழுதிப் பழகிய குழந்தை இயல்பாகவே உள்ளங்கையை ஊன்றி எழுதும். ஊன்றிய இடத்திலெல்லாம் கோடுகள் கிளம்பும். சட்டைக் கை, தொங்கும் அடையாள அட்டை, சடையின் ரிப்பன் எதுவும் விலக்கல்ல. தான் எழுதியது தவறு என்று எண்ணி, ஒரு சிறுமி சரியாக எழுதிய எழுத்தை மூன்று முறை அழித்துவிட்டுக் கண் கலங்கி நின்றாள். அன்றிலிருந்து அடையாள அட்டையை முதுகுப்பக்கம் திருப்பி, கோழி கொத்துவது போல ஒற்றை விரலை மட்டும் நீட்டிப் பழகுவதை முதல் பாடமாக வைத்துக்கொண்டேன்.

இந்தப் பலகை எனக்குத் தந்த மிகப் பெரிய உதவி, எழுதுவதைப் பதிவு செய்து மீண்டும் ஓட்டிக் காட்டும் வசதி. மேலிருந்து கீழிறங்கி வலப்புறம் திரும்ப வேண்டிய 'ட'வை ஒரு சிறுவன் வலக் கோடியில் தொடங்கி, இடப்புறம் வந்து, மேலே ஏறி முடித்திருந்தான். நோட்டில் அவனுடைய 'ட' எப்போதும் அழகாகவே இருந்ததால், பல வாரங்களாக அதற்கு நட்சத்திரம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். முடிந்த எழுத்தைப் பார்த்து மதிப்பிடுவதும் எழுதும் வழியைப் பார்த்து மதிப்பிடுவதும் ஒன்றல்ல என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. பதிவைத் திரும்ப ஓட்டியபோது, "நான் கீழேர்ந்து வந்துட்டேன் மிஸ்" என்று அவனே சொன்னான்.

ஆயினும் எழுத்துப் பயிற்சியைப் பலகையில் தொடங்குவதை நான் ஏற்கவில்லை. கண்ணாடியில் விரல் வழுக்கிக்கொண்டு போகும். மணலோ அரிசியோ விரலை எதிர்ப்பது போல அது எதிர்ப்பதில்லை. பென்சிலை அழுத்திப் பிடிக்கும் வலு கண்ணாடியைத் தடவுவதால் வராது. எண்ணிக்கையும் அப்படித்தான். புளியங்கொட்டைகளைக் கையில் அள்ளி எண்ணிய பிறகே, அவற்றின் படங்களைத் திரையில் இழுத்துக் கிண்ணத்தில் சேர்க்கிறோம். "இது ஏன் உருளல?" என்று ஒரு குழந்தை திரையைக் காட்டிக் கேட்டது. கொட்டையைக் கையில் உருட்டிப் பார்த்திருந்ததால்தான் அந்தக் கேள்வி வந்தது.

பலகையுடன் வந்த பயிற்சிகளில், எதைத் தொட்டாலும் கைதட்டல் ஒலித்தது. ஒலியைக் கேட்பதற்காகவே குழந்தைகள் கண்டபடி தட்டத் தொடங்கியதால் அதை நிறுத்திவிட்டு, எங்கள் முற்றத்து வேப்பமரத்தையும் காலணி அடுக்கையும் நானே படமெடுத்துப் பயன்படுத்துகிறேன். தங்கள் செருப்பைக் கண்டுபிடித்து வட்டமிடச் சொன்னால், பேசத் தயங்கும் குழந்தையும் எழுந்து வருகிறது.

இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் அமர்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. வீட்டுக் கைப்பேசியும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால், வகுப்பில் ஒரு குழந்தைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நான் தருவதில்லை. முழு வகுப்பையும் பலகை முன் உட்கார வைப்பதையும் விட்டுவிட்டேன். ஐந்து பேர் பலகையில் இருக்கும்போது மற்றவர்கள் ஆயாம்மாவுடன் மரக்கட்டைகளை அடுக்குகிறார்கள்.

யு.கே.ஜி. வகுப்புக்கும் அடுத்த ஆண்டு ஒரு பலகை வரவிருக்கிறது. அந்த அறைச் சுவரில் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் அளந்து, சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன்.