மேளத்தை நிறுத்தச் சொன்னேன்

“தாங்குமா, தாங்காதா? அதை மட்டும் சொல்லுங்க தம்பி.”

“தாங்கும் அய்யா.”

“அப்புறம் எதுக்கு மேளத்தை நிறுத்தணும்?”

கோயிலுக்கு மண்குதிரைகளைச் சுமந்து போகும் புரவி எடுப்பும், நான் கூட நின்று கட்டிய தொங்கு பாலத்தின் திறப்பும் ஒரே நாள். புரவிகள் இந்தக் கரையில் வந்து நிற்கின்றன, கொட்டு காதைப் பிளக்கிறது, ஊர்த் தலைவரான அம்பலம் என் காதோரம் குனிந்து கேட்கிறார். “ஆடும் அய்யா” என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. சாமியே ஆடிக்கொண்டு வருகிறது, பாலம் ஆடினால் இவனுக்கு என்ன என்கிற மாதிரி பார்த்தார். ஆனாலும் கையைத் தூக்கினார். அந்த ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கொட்டு நின்றது.

இருபது இருபது பேராக அனுப்பினோம். பாதிப் பாலத்தில் சாமியாடிக்கு அருள் அடங்கிவிட்டது. சாமி மலையேறிவிட்டது என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அந்தக் கரையில் மறுபடியும் கொட்டி, வெகுநேரம் கழித்துத்தான் இறங்கியது. பாலத்துக்குப் பணம் கொடுத்த வீட்டு ஆச்சி என்மேல் கோபப்படவில்லை. “நாங்க கட்டிக் குடுத்த பாலத்துல சாமி நிக்கலையேப்பா” என்றார், அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

கணக்கைச் சொல்கிறேன். 36 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். நடைபாதைக்குச் சதுர மீட்டருக்கு 400 கிலோ என்று எடுக்கும் ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) விதி, திருவிழாக் கூட்டம் கூடும் இடமென்றால் 500 எடுக்கச் சொல்கிறது. 500தான் எடுத்தோம். மொத்தம் 27 டன். ஆளுக்கு 65 கிலோ என்றால் நானூறு பேர் நெருக்கியடித்து நின்றாலும் தாங்கும். அப்படிப்பட்ட பாலத்தில் இருபது பேரை விட்டால் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் அந்த நானூறு, நின்றால். மணல் மூட்டைகளை அடுக்கி ஒரு நாள் முழுக்க வைத்துச் சோதித்தோம், எல்லாம் சரியாக இருந்தது. மூட்டை நடக்காது, கொட்டுக்கு அடியெடுத்து வைக்காது. மனிதர்கள் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறோம். ஆளாளுக்கு வேறு வேறு நேரத்தில் கால் விழுவதால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். கொட்டு அடித்தால் எல்லாக் காலும் ஒன்றாக விழும். அந்தத் தாளமும் பாலத்தின் சொந்த ஆட்டமும் ஒத்துப்போனால், ஒவ்வோர் அடிக்கும் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். 1831இல் இங்கிலாந்தின் பிராட்டன் தொங்கு பாலத்தில் 74 சிப்பாய்கள் போனார்கள். பாலம் துள்ளுவது வேடிக்கையாக இருக்க, சீட்டியடித்து அதற்கு ஏற்ப நடந்தார்களாம். பாலம் சரிந்து ஆற்றில் விழுந்தார்கள். நல்லவேளை, யாரும் சாகவில்லை.

இதை எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொண்டே வருகிறேன். ஆனால் பிராட்டன் விசாரணையில் போல்ட்டே சரியில்லை என்றுதான் தெரிந்தது. நடை ஒத்துப்போகாமல் இருந்தாலும் ஒருநாள் அறுந்திருக்கும். அப்படியானால் நான் பயந்திருக்க வேண்டியது மேளத்துக்கா, போல்ட்டுக்கா? போல்ட்டுக்கும் பயந்தேன். புதுக் கம்பிவடம் முதல் பாரத்தில் கொஞ்சம் நீளும், மெலியும், கிளாம்ப் பிடி தளரும். மூட்டை இறக்கியதும் ஒருமுறை முறுக்கினோம். ஆட்கள் நடந்த பிறகு இன்னொரு முறை முறுக்க வேண்டும். 2022 அக்டோபரில் குஜராத்தின் மோர்பியில், செப்பனிட்டுத் திறந்த நான்கே நாளில் தொங்கு பாலம் அறுந்து நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த வீடியோவைப் பார்த்தவன் முதல் நாளே கொட்டடித்து ஏறுங்கள் என்று எப்படிச் சொல்வான்?

முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பார்கள். அம்பலத்துக்குச் சொன்னால் புரியாது என்றெல்லாம் இல்லை. வடம் ஏன் இப்படித் தொய்ந்து கிடக்கிறது, இழுத்துக் கட்டக் கூடாதா என்று ஊரே கேட்டபோது, ஒரு கயிற்றின் நடுவில் தண்ணீர்க் குடத்தைக் கட்டி, இரண்டு பக்கமும் இளவட்டங்களை இழுக்கச் சொன்னேன். குடம் கொஞ்சம் உயர்ந்தது. அதற்கு மேல் உயர உயர அவர்கள் கை நடுங்கியது. கயிறு நேராகவே இல்லை. தொய்வைப் பாதியாக்கினால் இழுவை இரட்டிப்பாகும் என்பதை அவர் அன்றே பிடித்துக்கொண்டார். குதிரை செய்யத் தொடங்கும்படி வேளாருக்குப் பிடிமண் கொடுத்த அன்று மேளத்தைப் பற்றியும் பேசியிருக்கலாம்தான். பேசியிருந்தால் மேளம் போகாத பாலம் எங்களுக்கு எதற்கு என்று பாதியில் நிறுத்தியிருப்பார்கள். கண்மாய் நிறைந்து கலுங்கு பாயும் ஐப்பசியில் கோயிலுக்குச் சுற்றிப் போகும் கிழவிகளுக்கு இன்றும் அதே சுற்றுவழிதான் இருந்திருக்கும். வடிவமைப்பும் என்னுடையது இல்லை, மதுரையிலிருந்து வந்தது. சரி, இதெல்லாம் இப்போது சொல்கிற சமாதானம்.

அடுத்த வருடப் புரவி எடுப்பு வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. முழு மேளத்தோடு பாலத்தில் போகிறார்கள். பாலம் ஆடுகிறது, ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் சாமியாடியைப் பார்த்திருப்பார்கள், நான் தொங்கல் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளாம்ப்பை முறுக்கினீர்களா என்று கேட்டேன். “சாமி இருக்கு சார்” என்று பதில் வந்தது. ஒன்றும் ஆகாததால் என் பயம் பொய்யாகிவிடுமா? ஒருவருடத்தில் வடம் நீள வேண்டிய அளவுக்கு நீண்டு உட்கார்ந்திருக்கும், அதனால் முதல் நாளும் இதுவும் ஒன்றில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். ஆச்சியிடம் போய் இதைச் சொல்ல முடியாது.

இப்போது பக்கத்து ஊரில் ஒரு பாலம் கேட்கிறார்கள். இந்தமுறை முதல் பேச்சே மேளம்தான் என்று முடிவு செய்து, கொட்டோடு போகிற மாதிரியே போட்டுக் கொடுத்தேன். பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் வடங்கள், ஆட்டத்தைக் குறைக்கக் கனமான சட்டம், எல்லாம் சேர்த்து மதிப்பீடு அனுப்பினேன். தொகையைப் பார்த்துவிட்டு, மேளம் இல்லாமல் எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறார்கள்.