மாசாய் மாராவில் லாட்ஜ் பதிவு செய்வதற்கு முன்

விலங்குகளைப் பார்க்கக் கென்யாவின் மாசாய் மாராவுக்குப் போகிறோம் என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "லாட்ஜ் எந்த இடத்தில் இருக்கிறது?" என்பதைத்தான். பலர் அறையின் படத்தைக் காட்டுவார்கள். அறை அழகாக இருப்பது நல்லதுதான். ஆனால் அங்கே அறைக்குள் இருக்கும் நேரம் குறைவு. எந்த நிலத்தில் தங்குகிறீர்கள், வண்டியை ஓட்டி வழிகாட்டப்போவது யார் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் பயணம் அமையும். அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய்வந்த பிறகு இதை இன்னும் அழுத்தமாகச் சொல்லத் தோன்றுகிறது.

முதலில் நிலம். கென்யாவின் தென்மேற்கு மூலையில், தான்சானியாவின் செரெங்கெட்டி பூங்காவை ஒட்டி, சுமார் 1,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது மாசாய் மாரா தேசிய ரிசர்வ் (விலங்குகள் காப்பகம்). அதற்குள்ளேயே சில லாட்ஜ்கள் உண்டு. செகனானி, தாலெக் வாசல்களுக்கு வெளியே விலை குறைந்தவை நிறைய இருக்கின்றன. வெளியே தங்கினால் தினமும் காலையில் வாசலில் அனுமதிச் சீட்டைக் காட்டி உள்ளே போக வேண்டும். சிங்கங்கள் படுத்துவிடுவதற்கு முந்தைய அந்த விடியற்காலை நேரத்தில் கொஞ்சம் இதற்கே போய்விடும். பணம் மிச்சமாகும், நேரம் போகும்.

மூன்றாவதாக கன்சர்வன்சிகள். மாரா நார்த், ஒலாரே மொடோரோகி, நபோய்ஷோ என்று ரிசர்வை ஒட்டிப் பல இருக்கின்றன. இவை அங்குள்ள மாசாய் இனக் குடும்பங்களுக்குச் சொந்தமான, விலங்குகளுக்கும் இடம் விட்டுக் காக்கப்படும் நிலங்கள். கேம்ப் (கூடார லாட்ஜ்) நடத்துபவர்கள் அவர்களுக்குக் குத்தகை தருகிறார்கள். அதனால் அந்த மேய்ச்சல் நிலம் வேலியடித்துத் துண்டாகாமல் விலங்குகளுக்கும் மிஞ்சுகிறது. எத்தனை கூடாரம் போடலாம் என்பதற்கும் அங்கே வரம்பு உண்டு. ரிசர்வுக்குள் செய்யக்கூடாத சில விஷயங்களைக் கன்சர்வன்சியில் கைடோடு செய்யலாம்: இரவில் விளக்கோடு வண்டியில் சுற்றலாம், நடந்துபோய்ப் பார்க்கலாம், தேவைப்பட்டால் தடத்தை விட்டு விலகி ஓட்டலாம். நாங்கள் கன்சர்வன்சியில் தங்கி, ஒரு முழு நாளை மட்டும் ரிசர்வுக்கு ஒதுக்கினோம். என்னைக் கேட்டால் வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதுதான் நல்ல ஏற்பாடு. தினமும் ஒரு லாட்ஜ் மாறி, பெட்டியைக் கட்டி அவிழ்த்து, மூன்று பூங்காக்களை அவசரமாகப் பார்ப்பதைவிட ஒரே இடத்தில் கூடுதலாகத் தங்குங்கள்.

பணத்தைப் பற்றித் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ரிசர்வ் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். பல லாட்ஜ்கள் சொல்லும் விலையில் இது சேர்ந்திருக்காது. நான்கு பேர் குடும்பமாகப் போனால் பெரிய தொகை. கன்சர்வன்சியில் தங்குபவர்களும் ரிசர்வுக்குள் போகும் நாளுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். எனவே எழுத்தில் கேளுங்கள்: விலையில் எந்தக் கட்டணம் அடக்கம், ஒரு நாளைக்கு எத்தனை கேம் டிரைவ் (வண்டியில் விலங்கு பார்க்கப் போகும் சுற்று), வண்டி நமக்கு மட்டுமா, பிற விருந்தினர்களோடு பகிர்ந்தா, ஒவ்வொருவருக்கும் ஜன்னலோர இடம் கிடைக்குமா? குழந்தைகள் இருந்தால் வயது வரம்பையும் கேளுங்கள். சிறு குழந்தைகளைச் சேர்க்காத கேம்ப்களும் உண்டு.

எப்போது போகலாம்? வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் கூட்டங்கள் செரெங்கெட்டியிலிருந்து வந்து மாராவில் மேய்வது ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை. மாரா ஆற்றை அவை கடப்பதைப் பார்க்கத்தான் அப்போது அவ்வளவு கூட்டம். இன்ன நாளில் கடக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். கரையில் மணிக்கணக்கில் நின்று, தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போகும் மந்தைகளும் உண்டு. ஆனால் சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, கழுதைப்புலி எல்லாம் மாராவில் ஆண்டு முழுவதும் இருப்பவை. ஜனவரி, பிப்ரவரியிலும் நன்றாகப் பார்க்கலாம், நெரிசலும் குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் பெருமழை. அந்தக் கரிசல் மண் நனைந்தால் நல்ல ஜீப்பே புதைந்துவிடும். சில கேம்ப்களை அப்போது மூடியே விடுகிறார்கள்.

கைடைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. கென்யாவில் சஃபாரி கைடுகளுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அது தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் பிரிக்கிறது. உங்கள் லாட்ஜின் கைடுகள் எந்தத் தரம் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். நல்ல கைடு என்றால் என்ன என்பதை எனக்குக் காட்டியது ஒரு சீட்டா (சிவிங்கிப்புலி). கரையான் புற்றின் மேல் உட்கார்ந்திருந்தது, தூரத்தைப் பார்த்தபடி. சுற்றி நின்ற வண்டிகள் படம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளம்பின. வேறெங்கோ சிறுத்தை இருப்பதாக ரேடியோவில் தகவல் வந்தது. எங்கள் கைடு மட்டும் எஞ்சினை அணைத்துவிட்டு, "அதன் மடி கனத்திருக்கிறது, பாருங்கள். குட்டிகள் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். பொறுப்போமா?" என்று கேட்டார். பொறுத்தோம். வெயில் ஏறியது. அப்புறம் அது புற்றை விட்டு இறங்கி மெல்லிய குரலில் கீச்சிட்டது. ஏதோ குருவி கத்துகிறது என்றுதான் அம்மா நினைத்தார். புல்லுக்குள்ளிருந்து சாம்பல் முடி சிலிர்த்த குட்டிகள் வரிசையாக வெளியே வந்தன. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், முதல் நாளே கைடோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். இன்னின்ன விலங்கு வேண்டும் என்று பட்டியல் கொடுத்தால் அவர் அதைத் தேடி ஓட்டிக்கொண்டே இருப்பார். "ஒன்றைப் பார்த்தாலும் நிதானமாகப் பார்க்க வேண்டும்" என்று சொன்னால் அவர் முகமே மலர்ந்துவிடும். பக்கத்தில் போகச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ரிசர்வுக்குள் டிப்ஸ் ஆசை காட்டித் தடத்தை விட்டு இறக்கச் சொல்வது இன்னும் தவறு; பிடிபட்டால் அபராதம் மட்டுமல்ல, அவருடைய வேலைக்கே ஆபத்து. வண்டிக்குள் எழுந்து நிற்பது, கத்தியோ கைதட்டியோ விலங்கைத் திரும்பிப் பார்க்கவைப்பது, வெளியே சாய்ந்து கையை நீட்டுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். சிங்கம் வண்டியையும் நம்மையும் சேர்த்து ஒரே உருவமாகத்தான் பார்க்கிறது. தனியாக ஓர் ஆள் எழுந்தால் அந்த உருவம் கலைகிறது.

நைரோபியிலிருந்து சாலை வழியாகப் போனால் ஐந்தாறு மணி நேரம் ஆகும். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் சிறிய விமானத்தில் போனோம். பன்னாட்டு விமான நிலையத்திலிருந்து அல்ல, வில்சன் விமான நிலையத்திலிருந்து கிளம்பும். இரண்டுக்கும் இடையே நைரோபி நெரிசலைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். டவுன் பஸ் மாதிரி ஒவ்வொரு ஓடுதளமாக இறங்கி ஏறிப் போகும் விமானம் அது. மாராவில் மட்டும் கீகோரோக், ஒல் கியோம்போ, முசியாரா என்று பல ஓடுதளங்கள். உங்களுடையது எது என்று தெரிந்து வைத்திருங்கள். கைப்பையோடு சேர்த்துப் பொதுவாக 15 கிலோதான் அனுமதி, அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையில். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம். பிளாஸ்டிக் பைகள் கென்யாவில் 2017 முதல் தடை, ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டில்கள் 2020 முதல் பூங்காக்களில் தடை. துணிப்பையும் ஸ்டீல் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பூமத்திய ரேகைக்கு அருகில்தானே என்று மெல்லிய துணிகளோடு போய்விடாதீர்கள். மாரா 1,500 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கிறது. காலை ஆறு மணிக்குத் திறந்த ஜீப்பில் காற்று முகத்தில் அடிக்கும்போது ஸ்வெட்டர், குல்லா, கழுத்துக்கு மஃப்ளர் எல்லாம் வேண்டும். பத்து மணிக்கு ஒவ்வொன்றாகக் கழற்றுவீர்கள். மண் நிறத் துணிகள் நல்லது. கருநீலமும் கறுப்பும் கடிக்கும் செட்சி ஈக்களை இழுக்கும். ஒருவருக்கு ஒரு பைனாகுலர் இருந்தால் மிக நல்லது, 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும்) அளவு போதும். பெரிய கேமரா லென்ஸைவிட இதற்குச் செலவு செய்வது மேல். மலேரியா மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். மூன்று சதுர முனை பிளக் என்பதால் அடாப்டர் தேவை. சூரிய மின்சாரத்தில் ஓடும் கேம்ப்களில் எல்லா நேரமும் சார்ஜ் ஏற்ற முடியாது. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

சைவ உணவு பற்றிப் பயப்பட வேண்டாம். சப்பாத்தியும் சமோசாவும் கென்யாவில் உள்ளூர் உணவாகவே ஆகிவிட்டவை. ஆனால் லாட்ஜுக்கு மளிகை வெகுதூரத்திலிருந்து வருகிறது. முட்டை சேர்ப்பீர்களா மாட்டீர்களா என்பதுவரை பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். தின்பண்டம் கொண்டுபோனால் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், முக்கியமாகப் பழம். குரங்குகள் ஜிப்பைத் திறந்துவிடும். வாசனைக்கு யானையும் வரும்.

பல கேம்ப்களைச் சுற்றி வேலி கிடையாது. இருட்டிய பிறகு காவலர் துணையில்லாமல் கூடாரத்தை விட்டு வெளியே வரக்கூடாது. பத்தடி தூரம் என்றாலும் கூப்பிட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆற்றங்கரை கேம்ப் என்றால் நீர்யானைகள் இரவில் கரையேறிப் புல் மேயும். அந்த உறுமல் படுக்கைக்குப் பக்கத்திலிருந்தே வருவது போலிருக்கும். அம்மா முதலில் தூங்கவே இல்லை. காவலரை அழைத்து அது என்ன சத்தம் என்று கேட்ட பிறகு நிம்மதியானார். அதனால் என்ன சத்தம் கேட்டாலும் தயங்காமல் காவலர்களிடம் கேளுங்கள், அவர்கள் ஆசையாகச் சொல்வார்கள்.

பெண்கள் தயங்கிக் கேட்காமல் விடும் ஒரு விஷயம், கழிப்பறை. கேம் டிரைவில் நான்கைந்து மணி நேரம் வெளியே இருப்போம். சொன்னால் கைடு நாலாபுறமும் பார்வை கிடைக்கும் இடமாகப் பார்த்து, புதரைச் சோதித்துவிட்டு, வண்டி மறைவில் இறங்கச் சொல்வார். அவர்களுக்கு இது அன்றாடம். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் ஆபத்து. டிஷ்யூவை வெளியே போடாமல் திரும்பக் கொண்டுவர ஒரு சிறு காகிதப் பை வைத்துக்கொள்ளுங்கள். முதுகு, முழங்கால் வலி உள்ளவர்கள் பின்வரிசையில் உட்கார வேண்டாம், குலுக்கல் அங்கேதான் அதிகம்.

டிப்ஸுக்கு எவ்வளவு என்று பெரும்பாலான லாட்ஜ்கள் ஒரு குறிப்பு வைத்திருக்கும். கைடுக்கு நேரில் கையில் கொடுங்கள். சமையல்காரர், துணி துவைப்பவர், காவலர் என்று நம் கண்ணில் படாதவர்களுக்குப் பொதுப் பெட்டி. டாலர் என்றால் கிழியாத புதிய நோட்டுகள் வேண்டும், மிகப் பழைய நோட்டுகளை வாங்க மறுப்பார்கள். கென்ய ஷில்லிங்கும் தாராளமாகக் கொடுக்கலாம்.

ரிசர்வுக்குள் தங்கினால் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம். விமான நேரத்தை இதை வைத்து முடிவு செய்யுங்கள். கென்யாவுக்குள் நுழைய 2024 முதல் விசாவுக்குப் பதிலாக இணையத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். இந்தியா திரும்புபவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்குரிய அரசு அனுமதி பெற்ற மையத்தில், பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு கைப்பையிலேயே வைத்திருங்கள்.