வந்தவர்களிடம் கேட்கப்படும் சான்றுகள்: சில நாட்குறிப்புகள்

மே 23

1914-ஆம் ஆண்டு இதே நாளில் கோமகாட்டா மாரு என்னும் ஜப்பானியக் கப்பல் வான்கூவர் துறைமுகத்தை வந்தடைந்தது. அதிலிருந்த 376 பயணிகளில் பெரும்பாலோர் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர்கள். எல்லோரும் பிரிட்டிஷ் பேரரசின் பிரஜைகள். கனடாவும் அதே பேரரசைச் சேர்ந்ததுதான். அவர்களைத் தடுக்கப் பயன்பட்ட 1908-ஆம் ஆண்டு விதியில் இந்தியர் என்ற பேச்சே கிடையாது. பிறந்த நாட்டிலிருந்தோ குடியுரிமை பெற்ற நாட்டிலிருந்தோ, புறப்படுவதற்கு முன்பே வாங்கிய பயணச்சீட்டில், இடைவிடாத ஒரே பயணமாக வந்திருக்க வேண்டும் என்று மட்டுமே அது சொன்னது. இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேரடிக் கப்பல் சேவை எதுவும் அப்போது இல்லை என்பதை, விதியை எழுதியவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

உணவும் குடிநீரும் தட்டுப்பாடாகிவிட, இரண்டு மாதங்கள் அந்தக் கப்பல் கரைக்கு எட்டும் தொலைவிலேயே நின்றது. ஏற்கெனவே அந்நகரில் குடியேறியிருந்த இந்தியர்கள் குழு அமைத்துப் பணம் திரட்டி, கப்பல் வாடகையின் நிலுவையைக் கட்டினார்கள், நீதிமன்றத்திலும் வாதாடினார்கள். பயன் இல்லை. முன்பே அங்கு வசித்துத் திரும்பியவர்கள் உள்ளிட்ட சிலரைத் தவிர மற்ற அனைவரையும், ஜூலை 23 அன்று போர்க்கப்பலின் காவலோடு திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியவர்கள் மீது பிரிட்டிஷ் காவல்துறை சுட்டதில் பலர் மாண்டனர். கனடாவின் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது 2016-இல்.

மே 27

ஆஸ்திரேலியாவின் 1901-ஆம் ஆண்டுக் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இதே வழியில் சென்றது. வருகிறவருக்கு அதிகாரி ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்கள் கொண்ட பத்தியை வாசிப்பார். அதைப் பிழையின்றி எழுத வேண்டும். எந்த மொழி என்பதை அதிகாரியே முடிவு செய்வார். வருகிறவர் ஆங்கிலம் அறிந்தவர் என்றால் வேறு மொழியை எடுத்துக்கொள்ளலாம். 1934-இல் பல மொழிகள் அறிந்த ஐரோப்பிய எழுத்தாளர் எகோன் கிஷ் அரசியல் காரணங்களுக்காக வேண்டாதவராகிவிட, அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் சோதனை வைத்தார்கள். உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அவருக்கு வழக்கறிஞர்களும் ஆதரவாளர்களும் இருந்தார்கள். அப்படி யாரும் இல்லாத எளிய ஆசியத் தொழிலாளி, எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு வந்த கப்பலுக்கே திரும்பியிருப்பார். 1958 வரை இந்தச் சோதனை சட்டத்தில் இருந்தது.

ஜூன் 22

யாரை உள்ளே விடுவது, எத்தனை பேரை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்மானத்தை வெளிப்படையாகச் சொல்லாமல், நிறைவேற்றவே முடியாத ஒரு நிபந்தனைக்குள் ஒளித்துவைத்து, தவறியது உன் குற்றம் என்று வந்தவரின் தலையில் சுமத்துவதை நியாயம் என்று ஒருபோதும் ஏற்க முடியாது.

இதன் அண்மைக்கால வடிவத்தை பிரிட்டனில் பார்த்தோம். 1948 ஜூன் 22 அன்று எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின் வந்தவர்களும் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகள். 1973-க்கு முன் குடியேறிய காமன்வெல்த் நாட்டினருக்கு அங்கேயே வாழும் உரிமை இருந்தது. அதற்கான ஆவணம் எதையும் அரசு பலருக்குத் தரவில்லை. 2012-இல் அனுமதியின்றித் தங்கியிருப்போருக்கு வாழ்க்கையைக் கடினமாக்குவதே கொள்கை என்று உள்துறை அறிவித்தது. தொடர்ந்து வந்த சட்டங்களால் வீட்டு உரிமையாளர், முதலாளி, வங்கி, மருத்துவமனை என்று ஒவ்வொருவரும் குடியேற்ற அதிகாரியின் வேலையைச் செய்ய வேண்டியதாயிற்று. பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு சிறுவயதில் வந்து, நாற்பது ஐம்பது ஆண்டுகள் உழைத்து வரி கட்டியவர்களிடம், வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சான்று கேட்டார்கள். வேலை போனது, வீடு போனது, புற்றுநோய்ச் சிகிச்சைகூட மறுக்கப்பட்டது. குறைந்தது 83 பேர் தவறாக நாடு கடத்தப்பட்டதாக அரசே பின்னர் கூறியது. அவர்கள் வந்து இறங்கியதைப் பதிவு செய்திருந்த பழைய அட்டைகளை 2010-இல் அழித்தது அதே உள்துறைதான் என்பதை நினைக்கும்போது எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

ஜூலை 5

புதிதாக வந்தவர்களுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்ப உதவும் இடத்தில் இன்று முதியவர் ஒருவரோடு அமர்ந்திருந்தேன். பிளாஸ்டிக் உறையிலிருந்து வாடகை ரசீதுகள், சம்பளச் சீட்டுகள், மகளின் பள்ளி மதிப்பெண் அட்டை எனக் காலவரிசைப்படி மேசையில் பரப்பினார். மை மங்கிய ரசீதுகளுக்கு நகல் எடுத்துப் பின்னால் குத்திவைத்திருந்தார். இடையில் ஓர் ஆண்டுக்கு மட்டும் ஒன்றுமில்லை. அந்த ஆண்டு நண்பரின் வீட்டில் தங்கியிருந்தாராம். “ஐயா, அந்த வருஷமும் வேலைக்குப் போனேன், வரியும் பிடிச்சாங்க, அது அவங்ககிட்டயே இருக்குமே?” என்று கேட்டார். இருக்கும்தான். ஆனால் ஒரு துறையில் உள்ள பதிவை இன்னொரு துறை தானாகத் தேடிப் பார்ப்பதில்லை. அதையும் அவரே விண்ணப்பித்துப் பெற்றுக் கொண்டுவர வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 11

1986-இல் இதே நாளில் 155 ஈழத்தமிழர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில், மூடுபனிக்கிடையே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்துக் கொண்டிருந்தபோது உள்ளூர் மீனவர்கள் கண்டெடுத்தார்கள். படகில் ஏற்றிய பின்புதான் யார், எவர் என்ற விசாரணையெல்லாம். சில நாட்களுக்குள் ஓராண்டு தங்கி வேலை செய்ய அரசு அனுமதி வழங்கியது.

இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் அவர்கள் சொன்னது பொய் என்பதும், மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்பதும் விரைவில் வெளியே வந்தது. ஏமாற்றுக்காரர்கள் என்று பலர் கொதித்தார்கள். அந்தப் பொய்யை நான் நியாயப்படுத்த வரவில்லை. எனினும் அதற்குக் காரணமில்லாமல் இல்லை. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை, அனுமதியின்றி நுழைந்ததற்காக அகதியைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்லும் பிரிவிலேயே, ஆபத்துள்ள இடத்திலிருந்து நேராக வந்தவர் என்ற நிபந்தனையையும் வைத்திருக்கிறது. உயிருக்குத் தப்பி ஓடுகிறவர் எந்த வழியாக வந்தார் என்பது இப்படித்தான், எதற்காக ஓடினார் என்பதைவிடப் பெரிய கேள்வியாகிவிடுகிறது. வந்த வழியைப் பற்றி அவர்கள் சொன்னது பொய். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தது பொய்யல்ல. உண்மை தெரிந்த பிறகும் கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. 1914-இல் இடைவிடாத பயணம் இல்லையென்று ஒரு கப்பலையே விரட்டிய நாடு, வந்த வழியை ஒதுக்கிவைத்துவிட்டு வந்த காரணத்தைப் பார்க்க இம்முறை இணங்கியது.