குமுளி பஸ்ஸில் பத்துப் புத்தகம்

ஆகஸ்ட் 3

சித்தி மகள் கோட்டயத்திலிருந்து சவால் விட்டிருக்கிறாள். பத்து மாதம், பத்துப் புத்தகம். அறிவியல் புனைவோ மிகுபுனைவோ, எதுவானாலும் சரி. ஒரு நாட்டுக்கு ஒன்றுதான். பாதியாவது பெண்கள் எழுதியதாக இருக்கணும். சுஜாதாவோடு நின்றுபோன ஆள் நான். இருந்தும் ஒப்புக்கொண்டேன். கம்பத்திலிருந்து குமுளிக் கடைக்குப் போக வர எப்படியும் பஸ்ஸில்தானே உட்கார்ந்திருக்கிறேன். கொண்டை ஊசி வளைவில் படித்தால் குமட்டும் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9

வங்காளத்து ரொக்கேயா ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. 1905-இல் வெளியானது, அதுவும் மெட்ராஸ் பத்திரிகை ஒன்றில். பெண்கள் ஆளும் நாடு, ஆண்கள் வீட்டுக்குள். வெயிலைப் பிடித்துவைத்துச் சமைக்கிறார்கள். பலூனில் குழாய் மாட்டி வானத்திலிருந்தே தண்ணீர் இறக்குகிறார்கள். அந்த இடம் வந்தபோது பஸ் லோயர்கேம்ப் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னலில் பவர் ஹவுஸ் குழாய்கள். மேற்கே போன பெரியாற்றை அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது 1895-இல். கதைக்குப் பத்து வருஷம் முன்னால். இதை யாராவது கதையாக எழுதியிருந்தால் 'அளந்து விடுறாங்க' என்றிருப்பேன்.

ஆகஸ்ட் 10

கடையில் ஏலக்காய் பொறுக்கும் அக்காக்களிடம் மத்தியானம் அந்தக் கதையைச் சொன்னேன். முறத்தில் கை ஓடிக்கொண்டே இருக்கிறது: வெடித்தது தனி, சொத்தை தனி. ஆம்பளைகள் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வரைக்கும் ஒரே சிரிப்பு. வயலைக் கரண்டே உழுதுவிடும் என்றதும் பெரியக்கா நிமிர்ந்தார்.

"ஏ பாப்பா, அப்ப காய் எடுக்கிறது யாரு?"

என்ன சொல்ல? ஏலக்காய் தூரில் தரையோடு காய்க்கும். சரத்தில் முற்றியதை மட்டும் பார்த்துக் கிள்ளணும், நாள் முழுக்கக் குனிந்து. அந்த ஊரில் ஏலக்காய் விளையாது போல என்றேன்.

"அப்ப டீ எப்படிக் குடிப்பாளுக?"

ஆகஸ்ட் 28

சீனாவின் லியு சிஷின். மூன்று சூரியன் உள்ள கிரகம். பாதியில் நிற்கிறது. சீசன் கணக்கு கழுத்தை நெரிக்கிறது. நல்ல புத்தகம்தான், பஸ் புத்தகம் இல்லை.

செப்டம்பர் 14

ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்', 1979. 1976-இல் கலிபோர்னியாவில் இருக்கும் கறுப்பினப் பெண்ணை அடிமைக்கால மேரிலாந்து திடீர் திடீரென்று இழுத்துக்கொள்கிறது. எந்திரம் இல்லை, விளக்கமும் இல்லை. எந்த நிமிஷம் இழுக்கும் என்று தெரியாததால் ஒரு பையை உடம்போடு கட்டிக்கொள்கிறாள். அதில் கத்தி, மாத்திரை, துணிமணி. காலப்பயணம் என்றால் இனி எனக்கு அந்தப் பைதான்.

பெரியக்காவிடம் பை விஷயத்தைச் சொன்னேன். முறத்தில் கை நின்றது. 2011 டிசம்பர், முல்லைப் பெரியாறு கலாட்டாவில் குமுளி ரோடு அடைத்துக் கிடந்தபோது, தோட்டத்து லயத்தில் அவரும் தலைமாட்டில் ஒரு பை கட்டி வைத்திருந்தாராம். என்ன இருந்தது என்று கேட்டேன்.

"ரேசன் கார்டு. மகளோட மார்க் சீட்டு. ஒரு சேலை. அப்புறம் ஊறுகாய் டப்பா." கொஞ்ச நேரம் காயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊறுகாயை எதுக்கு வச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல பாப்பா."