அண்ணன் மகளும் யூக்ளிடும்: தோ பாயோ நாட்குறிப்பு

30 ஆகஸ்ட் 2025, சனி

அண்ணன் மகளுக்கு வகுப்பு தொடங்கிவிட்டது. ஊர் நார்த்ஃபீல்டு, மாஸசூசெட்ஸ். கல்லூரி, தாமஸ் அக்வினாஸ் கல்லூரி. 1971இல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த சின்னக் கத்தோலிக்கக் கல்லூரி. நார்த்ஃபீல்டு வளாகம் 2019இல் திறந்தது. இப்போதைக்குச் சிங்கப்பூரில் இருக்கும் நமக்கும் அவர்களுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். காலை ஒன்பதுக்குக் கூப்பிட்டால் அங்கே இரவு ஒன்பது.

சொந்தக்காரர்களிடம் இந்தப் படிப்பை விளக்குவதற்குள் உயிர் போகிறது. "என்ன கோர்ஸ்?" என்கிறார்கள். கோர்ஸ் என்று தனியாக ஒன்றும் இல்லை. நான்கு வருடமும் எல்லாரும் ஒரே பாடங்கள்தான். பாடநூல் கிடையாது, லெக்சர் கிடையாது. ஹோமர், பிளேட்டோ, யூக்ளிட், நியூட்டன் என்று மூலநூலையே கையில் கொடுத்து, ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்துப் பேச விடுகிறார்கள். "அப்புறம் என்ன வேலை கிடைக்கும்?" அடுத்த கேள்வி இதுதான். அண்ணி அதற்குள் எழுந்து தே போடப் போய்விடுவார்.

அம்மாவுக்கு மட்டும் கல்லூரி ரொம்பப் பிடித்துவிட்டது. பெண்கள் விடுதிக்குள் ஆண்கள் காலெடுத்து வைக்க முடியாது, வகுப்புக்குப் பெண்கள் பாவாடை அல்லது கவுன்தான் போட வேண்டும். உதவித்தொகைக்கு ஈடாகப் பிள்ளைகள் வளாகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் இடித்தது. பேத்தி சமையலறையில் தட்டு கழுவுகிறாளாம். "இங்கே ஒரு டம்ளரை நகர்த்தியிருப்பாளா?" என்று அம்மா கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

வகுப்பில் ஒருவரை ஒருவர் மிஸ்டர், மிஸ் போட்டுத்தான் கூப்பிட வேண்டுமாம், அதுவும் குடும்பப் பெயரைச் சொல்லி. நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் இருப்பது அப்பா பெயர்தான். ஆக, அண்ணன் பெயரை மிஸ் சேர்த்து தினமும் அமெரிக்கப் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். அண்ணனுக்கு இதில் ஏக சந்தோஷம். காப்பிக்கடையில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று.

6 செப்டம்பர், சனி

இன்று வீடியோ காலில் கணக்கு. பழைய கிரேக்கக் கணித மேதை யூக்ளிடின் வடிவியல் தொகுப்பில், முதல் நூலின் முதல் தேற்றம்: கொடுத்த கோட்டின் மேல் மூன்று பக்கமும் சமமான முக்கோணம் வரைய வேண்டும். கோட்டின் ஒரு முனையை மையமாக வைத்து ஒரு வட்டம், மறு முனையை வைத்து இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டும் இடத்திலிருந்து முனைகளுக்குக் கோடு இழுத்தால் முடிந்தது. நான் காப்பிக்கடையில் இருந்தேன். தே கிளாஸின் அடி ஈரத்தை மேசையில் இரண்டு தடவை பதித்துக் காட்டினேன். "இவ்வளவுதானே?"

"சித்தப்பா, ரெண்டு வட்டமும் வெட்டும்னு எப்படித் தெரியும்?"

"கண்ணுக்குத் தெரிகிறதே."

"தெரியுது. ஆனா யூக்ளிட் அதை எங்கே சொல்லியிருக்கார்?"

எங்கேயும் சொல்லவில்லை. அவர் முதலில் வைக்கும் அடிப்படை விதிகளில், வட்டங்கள் சந்தித்தே தீரும் என்று ஒரு வரி கிடையாது. இரண்டாயிரத்து சொச்சம் வருடப் புத்தகம், முதல் பக்கத்திலேயே ஓட்டை. கணித மேதைகள் பலர் பிற்காலத்தில் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். இவர்கள் வகுப்பில் ஒரு பையன் கையைத் தூக்கிக் கேட்டானாம். ஆசிரியர் பதில் சொல்லவில்லையாம். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று மற்றவர்களைப் பார்த்திருக்கிறார். அன்றைய மணி முழுக்க அதிலேயே போய்விட்டது.

நான் பாலிடெக்னிக்கில் படித்து லிஃப்ட் பராமரிப்பில் காலம் தள்ளுகிறவன். எங்கள் வகுப்பில் ஒருவன் இப்படிக் கேட்டிருந்தால், பரீட்சைக்கு வராது, உட்கார் என்றிருப்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, சிலபஸ் முடிய வேண்டுமே.

13 செப்டம்பர், சனி

போன வருடம் இதே நாளில்தான் போப் பிரான்சிஸ் விட்லி ரோட்டில் இருக்கும் கத்தோலிக்க ஜூனியர் கல்லூரிக்கு வந்து பல சமய இளையர்களோடு பேசினார். அண்ணன் மகள் அப்போது அங்கே இரண்டாம் ஆண்டு. எழுதி வைத்திருந்த உரையை ஓரமாக வைத்துவிட்டு மனதில் பட்டதைப் பேசினார் என்று செய்தியில் பெரிதாக வந்தது. ஏப்ரலில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

சாயங்காலம் அம்மாவை நொவீனா கோயிலுக்கு, சதா சகாய மாதா நவநாள் ஜெபத்துக்குக் கூட்டிப்போனேன். நார்த்ஃபீல்டு கல்லூரியின் சிற்றாலயத்துக்கும் சதா சகாய மாதா பெயர்தான் என்று சொன்னதும், ஏதோ பக்கத்து வீட்டுச் சங்கதி போல ஆகிவிட்டது அம்மாவுக்கு. அந்த வளாகத்தின் பூர்வீகம் இன்னும் சுவாரசியம். 1879இல் மூடி என்ற புராட்டஸ்டன்ட் பிரசங்கியார் பெண் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. 2005இல் பள்ளி வேறு வளாகத்தோடு சேர்ந்துவிட, இடம் சும்மா கிடந்து, ஒரு கிறிஸ்துவ அறக்கட்டளை வழியாக இந்தக் கத்தோலிக்கர்கள் கைக்கு இலவசமாகவே வந்திருக்கிறது. அந்தப் பிரசங்கியார் உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

28 செப்டம்பர், ஞாயிறு

பூசை முடிந்து லூர்து மாதா கோயில் வாசலில் பழைய நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "சின்னக் கல்லூரியெல்லாம் மூடிக்கொண்டு வருகிறார்களாமே, உங்கள் பிள்ளை நாலு வருடம் முடிக்கிற வரைக்கும் அது இருக்குமா?" குத்தலாகத்தான் கேட்டார், ஆனால் கேள்வி நியாயமானது. மத்தியானம் தூங்காமல் உட்கார்ந்து தேடினேன்.

தேடினால் முதலில் கண்ணில் படுவது காட்டுத்தீ! 2017 டிசம்பரில் கலிஃபோர்னியாவை எரித்த தாமஸ் தீக்கு அந்தப் பெயரே இந்தக் கல்லூரிக்குப் பக்கத்தில் பிடித்ததால்தான். எல்லாரையும் வெளியேற்றினார்கள், கட்டடங்கள் தப்பின. அண்ணி இதைப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

நண்பர் சொன்னதும் பொய்யில்லை. 2023இல் கலிஃபோர்னியாவின் ஹோலி நேம்ஸ் மூடியது, 1868இல் தொடங்கியது. 2024இல் நியூயார்க் ஆல்பனியில் செயிண்ட் ரோஸ், பென்சில்வேனியாவில் காப்ரீனி, ஒஹாயோவில் நோட்ரடேம் காலேஜ் (இந்தியானாவின் பெரிய நோட்ரடேம் வேறு). இந்த வருடம் செயிண்ட் லூயிஸின் ஃபான்ட்பான். மிச்சிகனின் சியெனா ஹைட்ஸ் இந்தப் படிப்பாண்டோடு முடித்துக்கொள்வதாக ஜூனில் அறிவித்துவிட்டது. எல்லாமே கத்தோலிக்கக் கல்லூரிகள், பெரும்பாலும் கன்னியாஸ்திரீகள் கட்டி எழுப்பியவை. 2008க்குப் பிறகு அமெரிக்காவில் பிறப்பு குறைந்தது, அந்தப் பிள்ளைகள் இப்போதுதான் கல்லூரி வயதுக்கு வருகிறார்கள். கட்டணத்தை ஏற்றுவார்கள், ஆள் பிடிக்கத் தள்ளுபடி கொடுப்பார்கள், புதுப் புதுக் கோர்ஸ் திறப்பார்கள், அதற்குக் கடன் வாங்குவார்கள். பிறகு ஒருநாள் பூட்டு.

அமெரிக்கா எதற்கு, நம் ஊரிலேயே நடந்தது. அமெரிக்காவின் யேலும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய யேல்-என்யுஎஸ் கல்லூரி 2011இல் உருவானது, 2013இல் முதல் மாணவர்கள் வந்தார்கள், 2021இல் மூடுவதாக அறிவிப்பு, இந்த மே மாதம் கடைசிப் பட்டமளிப்பு. அங்கே பெயருக்குப் பஞ்சம் இல்லை. ஆக, சின்னதாக இருப்பது மட்டும் காரணமில்லை.

தாமஸ் அக்வினாஸ் கல்லூரியின் கணக்கே வேறு என்று எனக்குப் படுகிறது. பாடத்திட்டம் ஒன்றுதான் என்பதால் துறை கிடையாது, துறைத்தலைவர் கிடையாது, ஐந்து பேர் மட்டும் சேரும் விருப்பப்பாடம் கிடையாது. ஒரே ஆசிரியர் இந்த வருடம் லத்தீன், அடுத்த வருடம் நியூட்டன் என்று எதையும் எடுக்கத் தயாராக இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய 400 பேர் ஆனதும், அதையே பெருக்காமல், நாட்டின் மறுகரையில் இன்னொரு சின்ன வளாகம் திறந்தார்கள். ஏழெட்டு லிஃப்ட் மாடல்களுக்கு உதிரிப்பாகம் வாங்கி அடுக்கி அவதிப்படுகிற எனக்கு, ஒரே மாடலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களின் நிம்மதி நன்றாகப் புரிகிறது. நன்கொடையாளர்களின் தயவும் சேர்த்துத்தான், அது வேறு விஷயம்.

நண்பருக்கு வாட்ஸ்அப்பில் சுருக்கமாக அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது.

19 அக்டோபர், ஞாயிறு

நாளை தீபாவளி. எதிர்வீட்டிலிருந்து முறுக்கும் அச்சுமுறுக்கும் டப்பா டப்பாவாக வந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு நாம் திருப்பித் தர வேண்டும்.

சாதனைச் செய்தி: முதல் நூலின் 47ஆம் தேற்றத்தைக் கரும்பலகையில் நிரூபித்தாள். அதுதான் நாம் பள்ளியில் வாய்ப்பாடு போலச் சொன்ன பிதாகரஸ். கையில் குறிப்பு வைத்துக்கொள்ளக் கூடாது. படம் வரைந்து, ஒவ்வொரு படிக்கும் எந்த முந்தைய தேற்றம் ஆதாரம் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒருத்தி மறித்து "இந்தக் கோடும் அந்தக் கோடும் ஒரே நேர்கோடு என்று எப்படிச் சொல்கிறீர்கள், மிஸ்..." என்று அண்ணன் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். இரண்டு செங்கோணம் அடுத்தடுத்து இருந்தால் ஒரே கோடாகும், 14ஆம் தேற்றம் என்று பதில் சொல்லித் தப்பித்தாளாம்.

இதற்கு மதிப்பெண் என்ன என்று அண்ணன் கேட்டார். அவளுக்கே தெரியாதாம், கேட்கவும் இல்லையாம். ஏ லெவல் பரீட்சை முடிவு வந்த அன்று ஒவ்வொரு எழுத்தையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட மனிதர், பாவம், தவித்துப்போனார். கடைசியில் "மகள் பிதாகரஸை முடித்துவிட்டாள்" என்று போட்டார். பதினேழு கைதட்டல்.

1 நவம்பர், சனி

புனிதர் அனைவர் திருநாள். நம் நேரம் மாலையில், ரோமில் போப் லியோ, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கர்தினால் நியூமனை மறைவல்லுநராக, அதாவது திருச்சபையின் பெரிய ஆசான்களில் ஒருவராக அறிவித்தார். கத்தோலிக்கக் கல்விக்கும், இவள் கல்லூரிக்குப் பெயர் தந்த தோமா அக்வினாஸோடு சேர்த்து நியூமனே பாதுகாவலர். போப்பும் கத்தோலிக்கக் கல்லூரிப் பிள்ளைதான், 1977இல் வில்லனோவாவில் கணிதம் முடித்தவர்.

நியூமன் 1852இல் டப்ளினில் பல்கலைக்கழகம் எதற்கு என்று பேசியவர். அறிவு இன்னொன்றுக்குப் படிக்கட்டாக இருந்துதான் தீர வேண்டும் என்பதில்லை, அதுவே ஒரு பேறு என்பது அவர் கட்சி. அண்ணி கேட்டுவிட்டு, "சரி, விமான டிக்கெட் யார் போடுவது?" என்றார். அண்ணி கட்சியும் பலமானதுதான்.

8 நவம்பர், சனி

போன ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பிவிட்டார்கள், இப்போது 13 மணி நேரம். வழக்கம் போல ஒன்பதுக்குக் கூப்பிட்டால் அங்கே எட்டு மணி, தட்டு கழுவிவிட்டு அப்போதுதான் அறைக்கு வந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு வருகிறாள், டிக்கெட் அண்ணன் போட்டாயிற்று. குளிர் ஏற ஆரம்பித்துவிட்டதாம், கம்பளிக் காலுறை போதவில்லையாம். வரும் வரைக்கும் தாங்காது என்று அம்மா முஸ்தபா கடைக்குப் போகச் சொல்கிறார், நாளை பூசை முடிந்ததும் போக வேண்டும். அளவு கேட்டு வைத்திருக்கிறேன்.